உபவாச ஜெபத்தின் இரண்டாம் நாள்

தெரிந்தவர் ஒருவர் போன வாரம் வீட்டுக்கு வந்தார். தம்பி மகன் குடியை விட மாட்டேன் என்கிறானாம். "ஜெப வீட்டில் கொண்டுபோய் விடவா, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவா?" என்று கேட்டார். முதலில் ஆஸ்பத்திரிக்கு, இன்றைக்கே என்றேன். விசுவாசி நீயே இப்படிச் சொல்கிறாயே என்பதுபோல் பார்த்தார். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் திருநெல்வேலிப் பக்கம் சிஎஸ்ஐ என்ற தென்னிந்தியத் திருச்சபையில் வளர்ந்தவன். ஓய்வுநாள் பள்ளி, வாலிபர் கூட்டம், பாடகர் குழு எல்லாவற்றிலும் இருந்தேன். வேலை லேத் பட்டறையில். கடைசி மூன்று வருஷம் காலையில் ஒரு கட்டிங் உள்ளே போகாமல் வெர்னியரைப் பிடித்து அளவு பார்க்க முடியாது. கை அப்படி நடுங்கும். ஒரு கன்வென்ஷனில், அதாவது பெரிய ஜெபக் கூட்டத்தில், அழுதுகொண்டே முன்னால் போய் முழங்காலிட்டேன். ஆண்டவர் என்னைக் குடியிலிருந்து விடுவித்தார் என்று கோயிலில் எல்லோர் முன்னாலும் சாட்சியும் சொன்னேன். ஒரு மாதம் தாங்கவில்லை. சாட்சி சொன்னவன் குடித்தான் என்று வெளியே தெரிந்தால் என்ன ஆகும்? அந்தப் பயத்திலேயே இன்னும் ஒளிந்து, இன்னும் அதிகமாகக் குடித்தேன்.

அப்புறம்தான் மூன்று நாள் உபவாச ஜெபத்துக்குப் போனேன். குடியை ஒரேயடியாக நிறுத்திவிட்டு, சாப்பாடும் இல்லாமல். முதல் நாள் வியர்வையும் வாந்தியும். இரண்டாம் நாள் சாயங்காலம் பாட்டு நடக்கும்போது வலிப்பு வந்து விழுந்திருக்கிறேன். எனக்கு ஒன்றும் நினைவில்லை. சுற்றி நின்றவர்கள் பிசாசு புறப்பட்டுப் போகிறது என்று சத்தமாக ஜெபித்தார்களாம். என் மனைவிதான் என்னை ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். அங்கேயும் ஒரு ராத்திரி முழுக்க, சுவரில் எறும்பு ஊர்கிறது என்று கையால் தட்டிக்கொண்டே இருந்தேனாம்.

டாக்டர் நிதானமாக விளக்கினார். தினமும் நிறையக் குடித்துப் பழகிய உடம்பு திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாள் வாக்கில் பிதற்றலும், இல்லாதது கண்ணுக்குத் தெரிவதும் வரலாம். கவனிக்காமல் விட்டால் உயிரே போய்விடும். தையமின் என்ற வைட்டமின் ஊசி போட்டார்கள். நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்கும் குளோர்டயசெபாக்சைடு மாத்திரையை நாளுக்கு நாள் அளவு குறைத்துக் கொடுத்தார்கள். ஆண்டவர் என்னைக் கைவிட்டார் என்று அந்தக் கட்டிலில் அழுதேன். இப்போது நினைத்தால், என் மனைவி கூப்பிட்ட ஆட்டோவிலேயே அவர் வந்திருந்தார்.

வீட்டுக்கு வந்த பிறகு, டாக்டர் ரத்தப் பரிசோதனை பார்த்து, என்னிடமும் கேட்டுத்தான், டைசல்ஃபிரம் மாத்திரை எழுதினார். அதைப் போட்டவன் கொஞ்சம் குடித்தாலும் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்துத் துவண்டுபோவான். மாத்திரையை நிறுத்தினாலும் இரண்டு வாரம் வரை அந்த வேகம் உடம்பில் இருக்கும். சில இருமல் மருந்துகூட ஆகாது. அப்படியானால் கோயிலில் அப்பமும் திராட்சரசமும் வாங்கும் நற்கருணை? எங்கள் கோயிலில் திராட்சரசம் நிஜமான ஒயின். கூச்சத்தோடு எங்கள் சபைப் போதகர் ஐயரிடம் போய் நின்றேன். "அப்பத்தை மட்டும் வாங்கிக்கிடுங்க தம்பி. அதுவே முழு நற்கருணைதான். ரொம்பப் பழைய உபதேசம் இது," என்றார். அடுத்த ஞாயிறு பாத்திரம் என் முன்னால் வந்தபோது கைகளை நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டேன். அவர் நிற்காமல் அடுத்தவரிடம் போனார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாக இருக்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்கு முதலில் தயங்கித் தயங்கித்தான் போனேன். அங்கே இந்துக்கள், முஸ்லிம்கள் எல்லோரும் உண்டு. கடவுளை அவரவர் விளங்கிக்கொண்டபடி என்றார்கள். இயேசுவின் பெயரைச் சொல்லாத இடத்தில் எனக்கென்ன விடுதலை என்று தோன்றியது. அப்புறம் தெரிந்தது, 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் இதைத் தொடங்கிய இருவரில் ஒருவரான டாக்டர் பாப் ஒரு அறுவை மருத்துவர், அவரும் குடிநோயாளி. அந்த ஆரம்ப ஆட்கள் விரும்பி வாசித்தது மலைப்பிரசங்கமும் யாக்கோபு நிருபமும். சொஸ்தமாகும்படி ஒருவருக்கொருவர் குற்றங்களை அறிக்கையிடுங்கள் என்று யாக்கோபு எழுதியதை எத்தனை தரம் கோயிலில் கேட்டிருக்கிறேன்! கேட்டேனே தவிர, ஒருநாளும் செய்ததில்லை.

குடியிலிருந்து மீள அந்தக் கூட்டத்தில் சொல்லும் பன்னிரண்டு படிகளில் ஐந்தாவது அதுதான். என் ஸ்பான்சர், அதாவது அங்கே எனக்கு வழிகாட்டும் மூத்த உறுப்பினர், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், முருக பக்தர். வேப்பமரத்தடியில் இரண்டு மணி நேரம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு அண்ணன் அனுப்பிய பணத்தை நான் குடித்துத் தீர்த்ததை அதுவரை ஜெபத்தில்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய் இரண்டு டீ வாங்கிவந்தார்.

அங்கே "இன்றைக்கு மட்டும் குடிக்க மாட்டேன்" என்பார்கள். எனக்கு அது மன்னாதான். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு ஆண்டவர் கொடுத்த அந்த உணவை அன்றன்றைக்குப் பொறுக்கிக்கொள்ள வேண்டும். மறுநாளைக்கு என்று எடுத்து வைத்தது புழுத்துப்போனது. கன்வென்ஷனில் நான் ஆயுள் முழுவதற்கும் சேர்த்து ஒரே ராத்திரியில் கேட்டேன். இப்போது காலையில் எழுந்ததும் அன்றைய பொழுதுக்குக் கேட்கிறேன்.

இந்த ஆவணியோடு நான்கு வருஷம் ஆகிறது. மாத்திரையை டாக்டரே நிறுத்திவிட்டார். ஆனாலும் நற்கருணையில் அப்பம் மட்டும்தான் வாங்குகிறேன்.

ஒன்பதாவது படி, கெடுத்ததைச் சரிசெய்வது. அண்ணனுக்கு மாதம் இரண்டாயிரம் அனுப்புகிறேன். அம்மாவின் இடது கண்ணில் பார்வை திரும்பவில்லை. அண்ணன் இன்னும் என்னோடு பேசுவதில்லை. இந்த மாதப் பணம் நேற்றே போய்விட்டது.