கால் ஆள்

"ஆராய்ச்சியெல்லாம் பெங்களூரில், சார். நாங்கள் ஜி9 ரக வாழைக்கன்று போட்டு விற்கிறோம்." ஓசூரை அடுத்த ஒரு திசு வளர்ப்புக் கூடத்தின் உரிமையாளர் இப்படிச் சொன்னதும், உயிரித் தொழில்நுட்ப ஆராய்ச்சிச் செலவு என்ற கட்டத்தில் சுழியம் போட்டேன். கணக்கெடுப்புப் படிவத்தோடு கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்குவது அப்போது என் வேலை.

கிளம்பும்போது, கிருமி படாமல் திசுவை வெட்டிவைக்கும் லேமினார் மேசையில் இருந்த பெண் தயங்கித் தயங்கி ஒரு நோட்டை நீட்டினார். தேன்கனிக்கோட்டைக்காரர், பாதி தமிழ், பாதி கன்னடக் குறிப்புகள். "ஏலக்கி வாழையை முயன்று பார்க்கிறேன், அண்ணா. வெட்டிய இடம் கறுத்துப்போகிறது. கன்று வளரும் மீடியாக் கூழில் கரித்தூள் சேர்த்தால் கறுப்பு குறைகிறது, குருத்தும் குறைந்துவிடுகிறது." கரித்தூளுக்கு வேண்டியது வேண்டாதது தெரியுமா? கறுக்கவைக்கும் பொருளோடு சேர்த்து, குருத்து விடவைக்கும் ஹார்மோனையும் உறிஞ்சிவிடும். லிட்டருக்கு எவ்வளவு என்று அரை கிராம் அரை கிராமாக இறக்கிக்கொண்டே வந்திருந்தார். தேதி போட்டுப் பதினோரு பக்கம்.

எது ஆராய்ச்சி என்பதற்கு, 1963இல் இத்தாலியின் பிராஸ்காட்டியில் பிறந்த கையேடுதான் உலகுக்கே அளவுகோல். அதன் 2015 பதிப்பு ஐந்து கேட்கிறது: புதுமை, சுயசிந்தனை, முடிவு முன்கூட்டித் தெரியாமை, திட்டமிட்ட முறை, பிறர் திரும்பச் செய்யக்கூடிய பதிவு. நடுவில் உள்ளது அவரிடம் தாராளமாக இருந்தது. கடைசியில்தான் இடித்தது, அந்தக் கன்னடக் குறிப்பை என் மேலதிகாரி எப்படிப் படிப்பார்? புதுமையும் சிக்கல்தான். ஏலக்கியைக் குடுவையில் வளர்த்தவர்கள் ஏற்கனவே உண்டு. பக்குவத்தைத்தான் யாரும் சொல்வதில்லை.

ஆடிட்டர் வைத்திருந்த கம்பெனிகளில் இந்தத் தயக்கமே கிடையாது. ஆராய்ச்சிச் செலவைப் போல இரு மடங்கை, வரி போடும் வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம் என்ற சலுகை இருந்த காலம் அது. 2017 ஏப்ரலில் ஒன்றரை மடங்காகி, 2020 ஏப்ரலில் செலவளவுக்கு இறங்கியது. ஓரிடத்தில் அன்றாடத் தரச் சோதனையைக்கூட ஆராய்ச்சி என்று எழுதிக் கொடுத்தார்கள்.

தினமும் இரண்டு மணி நேரம் என்றார் அந்தப் பெண். எட்டு மணி நேர வேலைநாளுக்கு 0.25 ஆள். ஆராய்ச்சி ஆட்கள் என்ற கட்டத்தில் எழுதிவிட்டேன். அடுத்த வாரமே படிவம் திரும்பி வந்தது: ஆள் இருக்கிறது, செலவு இல்லை, பொருந்தவில்லை. உரிமையாளருக்குப் போன் செய்து, சம்பளத்தில் காற்பங்கையும், மீடியாவில் போடும் அகர், சர்க்கரை விலையையும் சேர்க்கட்டுமா என்று கேட்டேன்.

"சம்பளத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அகரைச் சேர்க்காதீர்கள், சார். ஜி9க்குக் காய்ச்சியதில் மீந்ததைத்தான் எடுத்துக்கொள்கிறதாம் அந்தப் பெண். எனக்கே இப்போதுதான் தெரியும்."