டைமண்ட் கல்கண்டும் வாத்தியார் வீட்டு பால்கனியும்

போன மாசம் ரிட்டயர்டு கணக்கு வாத்தியார் ஒருவர் என் கண்ணாடிக் கடைக்கு வந்தார். மன்னார்குடியில் ஹரித்ராநதி தெப்பக்குளத்தைப் பார்த்த மாதிரி இரண்டு மாடி எழுப்பிக்கொண்டிருக்கிறார். செல்போனை நீட்டினார். டொரண்டோவில் மகள் குடியிருக்கும் ஃபிளாட்டின் பால்கனி, 22-வது மாடி. கம்பியும் இல்லை, கைப்பிடிச் சுவரும் இல்லை. வெறும் கண்ணாடி, அதற்குப் பின்னால் பெரிய ஏரி.

"தம்பி, இதே மாதிரி போட்டுடணும். ஏரிக்குப் பதிலா நமக்குக் குளம் இருக்கு."

22 மாடி என்றால் ஏறக்குறைய தஞ்சாவூர் பெரிய கோயில் விமானத்தின் உயரம், 216 அடி. அங்கேயே நிற்கிற கண்ணாடி நம்மூர் இரண்டாவது மாடியில் நிற்காதா என்று கேட்கலாம். நிற்கும். உடைந்தால் என்ன ஆகும் என்பதுதான் என் கவலை.

நான் ஏழு வருஷம் சிங்கப்பூரில் காண்டோ என்கிற அபார்ட்மெண்ட் டவர்களுக்குக் கண்ணாடி மாட்டியவன். நாலடிக்கு மூன்றரை அடி, 12 மில்லி டஃபன்ட் (காய்ச்சிப் பலப்படுத்திய கண்ணாடி) பேனல் ஒன்று கிட்டத்தட்ட 40 கிலோ. ஒரு மத்தியானம் 18-வது மாடியில் டீயும் கையுமாக உட்கார்ந்திருந்தோம். யாரும் தொடவில்லை, காற்றுகூட இல்லை. திருவிழா வேட்டு மாதிரி ஒரு சத்தம். திரும்பினால், முந்தாநாள் மாட்டிய பேனல் இருந்த இடத்தில் வானம் தெரிகிறது! பாதி எங்கள் காலடியில், பாதி கீழே. ஒவ்வொரு துண்டும் மளிகைக்கடை டைமண்ட் கல்கண்டு சைஸ். கீழே தடுப்பு போட்டிருந்ததால் எல்லார் தலையும் தப்பியது. சூப்பர்வைசர் முதலில் எங்களைத்தான் முறைத்தார்.

கண்ணாடியை 600 டிகிரிக்கு மேல் காய்ச்சி, சட்டென்று காற்றடித்து ஆறவைத்தால் டஃபன்ட். மேல்தோல் இறுகிக்கொள்ளும், உள்பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். பலமும் அதனால்தான், ஓரிடத்தில் விட்டால் மொத்தமும் பொலபொலவென்று கொட்டுவதும் அதனால்தான். உருக்கும்போதே நிக்கல் சல்ஃபைடு துகள் ஒன்று உள்ளே மாட்டியிருந்தால், அது சாவகாசமாகப் பருத்துக்கொண்டே வரும். மாட்டிய இரண்டாம் நாளும் வெடிக்கலாம், இரண்டாம் வருஷமும் வெடிக்கலாம். இதற்குத்தான் ஹீட் சோக் என்று ஒன்று: பேனலைச் சூடான அடுப்பில் வைத்து, வெடிக்கிறதெல்லாம் இங்கேயே வெடிக்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். அதையும் ஏமாற்றிவிட்டு வருகிற பேனல் உண்டு.

"சார், உங்க பொண்ணு இருக்கிற ஊர்லயே 2011ல புது டவர்கள்லேர்ந்து பால்கனி கண்ணாடி ரோட்டுல கொட்டிச்சு" என்றேன். வாத்தியார் நம்பவில்லை. மகளுக்கு மெசேஜ் போட்டார். மறுநாள் காலை, "ஆமாங்கறா தம்பி" என்று சுரத்தில்லாமல் சொன்னார். 2012 ஜூலையிலேயே, டொரண்டோ இருக்கிற ஒன்டாரியோ மாகாணத்தில் கட்டட விதியை மாற்றினார்கள். தள விளிம்பைத் தாண்டியோ, விளிம்பிலிருந்து 50 மில்லிக்குள்ளோ நிற்கிற கண்ணாடி, ஹீட் ஸ்ட்ரெங்தன்ட் (டஃபன்ட்டைவிட மெதுவாக ஆறவைப்பது) செய்து லேமினேட் பண்ணியதாக இருக்க வேண்டும். அதாவது உடைந்தாலும் கீழே வரக்கூடாது.

லேமினேட் என்றால் இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிவிபி என்ற பிளாஸ்டிக் ஷீட். புரியவைக்க எனக்கு கஜா புயல்தான் கைகொடுத்தது. 2018 நவம்பர் 16 காலையில் எங்கள் தெருவில் ஒரு வேன் மேல் தென்னை சாய்ந்து கிடந்தது. முன்கண்ணாடி முழுக்க சிலந்தி வலை, ஆனால் சட்டத்தை விட்டு வரவில்லை. அது லேமினேட். பக்கக் கண்ணாடி சீட்டெல்லாம் கல்கண்டு. அது டஃபன்ட்.

"அப்ப லேமினேட்டே போடு" என்றவர், கோட்டேஷனைப் பார்த்ததும் மறுபடி கணக்கு வாத்தியாராகிவிட்டார். மேலே எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஹேண்ட்ரெயில் வேறு எழுதியிருந்தேன். "அது எதுக்கு? குளத்தை மறைக்குமே." லேமினேட்டில் இரண்டு கண்ணாடியும் டஃபன்ட்டாக இருந்து இரண்டுமே போனால், பேனல் ஈரச் சாக்கு மாதிரி மடங்கித் தொங்கும், சாய்ந்து நிற்கிறவருக்குப் பிடிக்க ஒன்று வேண்டாமா? தலையை ஆட்டினார். சம்மதம் என்று அதற்கு அர்த்தமில்லை.

முடித்துவைத்தது அவர் வீட்டம்மா. ஃபோட்டோவை ஒரு தரம்தான் பார்த்தார்.

"ஏன் தம்பி, தெருவுல போறவன் அண்ணாந்து பாத்தா கால் தெரியாதா? ஈரப் புடவைய நான் எங்க காயப் போடறது?"

"லேமினேட்ல நடுவுல பால் வெள்ளை ஷீட் வச்சுக்கலாம்மா. வெளிச்சம் வரும், ஆள் தெரியாது."

டஃபன்ட்டில் ஃபிராஸ்டட் ஸ்டிக்கர் ஒட்டினாலும் ஆள் தெரியாது. வெயிலில் எப்படியும் உரியப்போகிற சமாச்சாரம் என்பதால் நான் வாயைத் திறக்கவில்லை.

"அப்ப குளம் எப்படிடீ தெரியும்?" என்றார் வாத்தியார்.

"எழுந்து நின்னு பாருங்க."

ஆறு மில்லி டஃபன்ட், இன்னொரு ஆறு மில்லி டஃபன்ட், நடுவில் வெள்ளை. ஐந்து பேனல். நாளைக்கு அளவெடுக்கப் போகிறேன். டஃபன்ட் ஆன பிறகு ஒரு மில்லிகூட வெட்ட முடியாது, துளையும் போட முடியாது. ஹேண்ட்ரெயில் பஞ்சாயத்தை நாளைக்குள் முடித்துவைக்கச் சொல்லி அந்த அம்மாவிடமே விட்டிருக்கிறேன்.