அமெரிக்கப் படையில் அதிகாரியாகச் சேர விண்ணப்பித்தபோது ரெக்ரூட்டர்களிடம் பட்ட அனுபவம்

பட்டப்படிப்பு முடித்து, அமெரிக்கக் குடியுரிமையும் கையில் வைத்துக்கொண்டு, படையில் அதிகாரியாகச் சேர நினைக்கும் நம் பிள்ளைகள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். கடைத்தெருவில் அலுவலகம் போட்டு உட்கார்ந்திருக்கும் ரெக்ரூட்டர், அதாவது படைக்கு ஆள் சேர்ப்பவர், பெரும்பாலும் உங்களுக்கான ஆள் இல்லை. மாதாமாதம் இத்தனை பேரைச் சேர்க்க வேண்டும் என்று அவருக்கு இலக்கு இருக்கும், அதில் பெரும்பகுதி சிப்பாய்கள்தான். அதிகாரிக்கான விண்ணப்பக் கட்டைத் தயார் செய்யவே மாதக்கணக்கில் ஆகும். கடைசியில் தேர்வுக்குழு வேண்டாம் என்றுவிட்டால் அவர் பட்ட பாடெல்லாம் வீண். பேச்சு எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்லவே வேண்டாம்.

நான் முதலில் போன அலுவலகம் எந்தப் படையுடையது என்று சொல்லப்போவதில்லை. சார்ஜென்ட் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் நான் ஓசிஎஸ் (அதிகாரிகளுக்கான பயிற்சிப் பள்ளி) என்று பேச்சை எடுக்கும்போதெல்லாம், "முதலில் சிப்பாயாகச் சேர்ந்துவிடுங்கள், உள்ளே போன பிறகு விண்ணப்பித்துக்கொள்ளலாம், அதுதான் சுலபம்" என்றே பதில் வந்தது. அப்படி ஒரு வழி இருப்பது உண்மைதான். ஆனால் மேலதிகாரிகள் பரிந்துரைக்க வேண்டும், தேர்வுக்குழு எடுக்க வேண்டும், எடுக்காவிட்டால் கையெழுத்துப் போட்ட வருடங்களைச் சிப்பாயாகவே கழிக்க வேண்டும். அதையெல்லாம் அவர் சொல்லவில்லை. "அதிகாரிப் பயிற்சிக்கு இடம் உண்டு என்று ஒப்பந்தத்திலேயே எழுதித் தருவீர்களா?" என்று கேட்டேன். பேனாவை மூடி வைத்துவிட்டு, படையில் சேருவோருக்கான அஸ்வாப் தகுதித் தேர்வை எப்போது எழுதலாம் என்று பேச்சை மாற்றினார். பள்ளிக்கூட நாட்களில் இன்ஹேலர் வைத்திருந்தேன் என்று சொன்னதற்கு, மெப்ஸ் என்ற, படையில் சேருவோரைப் பரிசோதிக்கும் மையத்தின் மருத்துவப் பரிசோதனையில் அதைப் பற்றி வாயே திறக்காதீர்கள் என்று வேறு சொன்னார். அங்கேயே எழுந்து வந்துவிட்டேன்.

இந்த மருத்துவ விஷயத்தில் யார் என்ன சொன்னாலும் கேட்காதீர்கள். 13 வயதுக்குப் பிறகு ஆஸ்துமா இருந்திருந்தால் அது தகுதிக் குறைவு, ஆனால் அதற்கு விலக்கு கேட்க வழி இருக்கிறது. மறைத்துச் சேர்ந்தாலோ ராணுவச் சட்டப்படி குற்றம். 2022 முதல் மெப்ஸில் ஜெனிசிஸ் என்ற கணினி முறை வந்துவிட்டது, வெளி மருத்துவமனைகளின் பதிவுகளும் அதில் அவர்கள் கண்ணில் பட்டுவிடும். மாட்டிக்கொண்டால் நிற்கப்போவது ரெக்ரூட்டர் இல்லை, கையெழுத்துப் போட்ட நீங்கள்தான்.

அப்புறம்தான் சரியான கதவைத் தேடினேன். கடற்படையிலும் விமானப்படையிலும் அதிகாரிகளை எடுக்கவே தனி ரெக்ரூட்டர்கள் இருக்கிறார்கள், மரைன் படையில் அந்த வேலையைச் செய்பவரே ஓர் அதிகாரி, ஓஎஸ்ஓ என்பார்கள். தரைப்படையில் மட்டும் சாதாரண அலுவலகம் வழியாகத்தான் போக வேண்டும், அங்கே ஒப்பந்தத்தில் அதிகாரிப் பயிற்சிக்கான 09எஸ் என்ற குறியீடு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது இருந்தாலும் முதலில் அடிப்படைப் பயிற்சி, பிறகுதான் ஜார்ஜியாவில் ஓசிஎஸ், அதில் தேறாவிட்டால் மிச்ச வருடங்கள் சிப்பாய் வேலைதான்.

நான் கடற்படையைத் தேர்ந்தெடுத்தேன். அதிகாரி ரெக்ரூட்டர் நல்லவர், ஆனால் ஒரே நேரத்தில் பலரைப் பார்க்கிறவர், அவராகக் கூப்பிடுவார் என்று காத்திருந்தால் எதுவும் நகராது. ஒவ்வொரு தடவை போனில் பேசி முடித்ததும், இன்ன ஆவணம் நான் தருகிறேன், இன்ன தேதிக்குள் நீங்கள் அனுப்புவதாகச் சொன்னீர்கள் என்று அன்றே ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுவேன். அவர் கோபப்படவில்லை, அவருக்கும் அது உதவியாகவே இருந்தது.

ஓஏஆர் என்ற கடற்படை அதிகாரித் தகுதித் தேர்வுக்குக் கணக்கும் இயந்திரவியலும் நன்றாகப் படித்துவிட்டுப் போங்கள், வாழ்நாளில் மூன்று முறைதான் எழுத முடியும். ரெக்ரூட்டர் "சும்மா ஒரு தடவை எழுதிப் பாருங்கள்" என்றாலும் தயாராகாமல் உட்காராதீர்கள்.

நம்மவர்களுக்கு அதிக நேரம் பிடிப்பது பின்னணி விசாரணைக்கான எஸ்எஃப்-86 படிவம். பத்து வருட முகவரிகள், ஏழு வருட வெளிநாட்டுப் பயணங்கள், பெற்றோர், உடன்பிறந்தவர்கள், மாமனார் மாமியார் விவரங்கள், அதற்கு மேல் நெருங்கிப் பழகும் வெளிநாட்டுக் குடிமக்கள். வாராவாரம் வீடியோவில் பேசும் மாமாவும் சித்தியும் அதில் வருவார்கள். ஊரில் சொந்தம் இருக்கிறது என்பதற்காகப் பயப்பட வேண்டாம், விட்டுப்போனால்தான் சிக்கல். பழைய பாஸ்போர்ட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு, அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பிறந்த தேதிகளைக் கேட்டுக் கேட்டு எழுதினேன். ரெக்ரூட்டர் அவசரப்படுத்தினார், நான் நேரம் எடுத்துக்கொண்டேன்.

தேர்வுக்குழு முடிவு வந்ததும் ரெக்ரூட்டர் உற்சாகமாகப் போன் செய்து "ப்ரோ-ரெக் கிடைத்துவிட்டது" என்பார். சந்தோஷப்படலாம், ஆனால் அது தேர்வுக்குழுவின் பரிந்துரைதான், முழுத்தேர்வு இல்லை. மருத்துவ விலக்கு போன்ற பாக்கி எல்லாம் முடிந்து ஃபைனல் செலக்ட் கடிதம் வந்த பிறகுதான் உறுதி. எனக்கு இடையில் நீண்ட காத்திருப்பு இருந்தது. வேலையை எப்போது விடுகிறீர்கள் என்று ரெக்ரூட்டரும் கேட்டார், சொந்தக்காரர்களும் கேட்டார்கள். அந்தக் கடிதத்தோடு, கடற்படையின் ஓசிஎஸ் இருக்கும் நியூபோர்ட்டில் பயிற்சி தொடங்கும் தேதியும் எழுத்தில் வந்த பிறகுதான் அலுவலகத்தில் ராஜினாமா கொடுத்தேன்.