கண்டன்சரும் கெப்பாசிட்டரும்

சில ஆண்டுகளுக்கு முன், முதலாமாண்டு மாணவர்களுக்கான அடிப்படை மின்னியல் ஆய்வகத் தேர்வு நடந்த ஒரு பிற்பகலில், ஒற்றை ஃபேஸ் மோட்டாரின் முன்னால் நின்றிருந்த மாணவன் ஒருவனிடம், அதில் பொருத்தியிருக்கும் கெப்பாசிட்டரின் வேலை என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவன் மோட்டாரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு ரெக்கார்டு நோட்டின் அட்டையைப் பார்த்தபடி நின்றுவிட்டான். அதே கேள்வியை இன்னும் மெதுவாக, அதே ஆங்கிலத்தில் மறுபடியும் கேட்டேன். பதில் வரவில்லை. வைவாவுக்கு, அதாவது வாய்மொழித் தேர்வுக்கு, உரிய 10 மதிப்பெண்ணில் 2 போட்டுவிட்டு அடுத்த மாணவியை அழைத்தேன்.

தேர்வு முடிந்து ஒயர்களைச் சுருட்டி வைத்துக்கொண்டிருந்த நேரத்தில், ஆய்வக உதவியாளரிடம் அவன் பேசுவது காதில் விழுந்தது. மூலையில் இருந்த மின்விசிறி சுவிட்சைப் போட்டும் சுற்றாமல் முனகிக்கொண்டிருந்தது. "அண்ணே, கண்டன்சர் போயிருச்சு. கையால ஒரு தள்ளு தள்ளுனா ஓடும். வேற கண்டன்சர் மாத்திருங்க, காயில் நல்லாத்தான் இருக்கும்" என்றான். நான் அருகில் சென்று, அது எப்படித் தெரியும் என்று தமிழில் கேட்டேன். ஒரு காயில் மட்டும் இருந்தால் மின்சாரம் மோட்டாரை இழுக்குமே தவிர எந்தப் பக்கம் சுற்றுவது என்று அதற்குத் தெரியாது, கண்டன்சர் வைத்த இன்னொரு காயிலில் மின்சாரம் சற்று நேரம் மாறி வருவதால்தான் அதற்கு ஒரு திசை கிடைக்கிறது என்று தயக்கமே இல்லாமல் சொன்னான். அன்று நான் கேட்ட விடைகளிலேயே மிகச் சரியானது அதுதான். ஆனால் மதிப்பெண் பட்டியல் அதற்குள் வெளித் தேர்வாளரின் கையெழுத்தோடு உறையில் ஒட்டப்பட்டுவிட்டது. அந்த 2 அப்படியே நின்றுவிட்டது.

அவனுடைய அப்பா ஒட்டன்சத்திரம் பக்கத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். எட்டாம் வகுப்பிலிருந்தே பள்ளி விட்டு வந்ததும் கம்பியின் சுற்றுகளை எண்ணிக் கட்டியும், எரிந்த காயிலை வெட்டி எடுத்துப் புதியதை ஸ்லாட்டில் இறக்கியும் பழகியவன் அவன். மூன்று ஃபேஸ் மின்சாரம் வராத நேரத்தில், இரண்டு ஃபேஸில் கண்டன்சர் போட்டுக் கிணற்று மோட்டாரை ஓட்டும் முறை அவனுக்கு அத்துபடி. அந்தப் பொருளின் பெயர் ஆங்கிலப் பாடநூலில் கெப்பாசிட்டர் என்று இருப்பது மட்டுமே அவனுக்குத் தெரியாமல் இருந்தது. பட்டறையில் அதைக் கண்டன்சர் என்றுதான் சொல்வார்கள். அதுவும் பழைய ஆங்கிலப் பொறியியல் நூல்களில் இருந்த பெயர்தான்.

பொறியியல் படிப்பில் சமத்துவம் என்று பேசும்போதெல்லாம் நாம் பெரும்பாலும் நுழைவாயிலைப் பற்றியே பேசுகிறோம். அதில் தவறில்லை, வாயிலைத் திறப்பதற்கே இந்த மாநிலம் நீண்ட காலம் போராட வேண்டியிருந்தது. 1984 முதல் இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ்நாட்டில் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு இருந்தது. பயிற்சி மையங்கள் இருந்த நகரங்களுக்கும் அவை எட்டாத கிராமங்களுக்கும் இடையிலான தூரத்தை அந்தத் தேர்வு ஒவ்வோர் ஆண்டும் தரவரிசையாக மாற்றிக் கொடுத்தது. அதை நீக்க எடுத்த முதல் முயற்சிகள் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தர் மு. ஆனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழுவின் பரிந்துரைக்குப் பிறகு சட்டமன்றம் இயற்றிய சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் பெற்று, 2007-08 கல்வியாண்டில் நடைமுறைக்கு வந்தது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணிலிருந்தே 200க்குக் கட்-ஆஃப் கணக்கிடும் முறை அன்று முதல் தொடர்கிறது. 2010இல் குடும்பத்தின் முதல் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை வந்தது. 69 விழுக்காடு இட ஒதுக்கீடு ஏற்கெனவே இருந்தும் அரசுப் பள்ளி மாணவர்கள் பொறியியல் இடங்களில் போதிய அளவு சேரவில்லை என்பதை நீதிபதி முருகேசன் குழு எடுத்துக்காட்டிய பிறகு, 2021இல் அவர்களுக்கு 7.5 விழுக்காடு இடங்கள் சட்டத்தின் மூலம் ஒதுக்கப்பட்டன. அவ்வாறு சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. கட்டணத்தை ஏற்காமல் இடத்தை மட்டும் தந்திருந்தால் அந்தச் சட்டம் பாதி பயன்கூடத் தந்திருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இந்த வழிகளில் உள்ளே வரும் பிள்ளைகளை முதல் பருவத்தில் நாங்கள் என்ன செய்கிறோம் என்பதுதான் என்னை உறுத்தும் கேள்வி. 17 ஆண்டுகளாகக் கற்பிக்கும் அனுபவத்தில் சொல்கிறேன்: ஒரு மாணவன் கல்லூரியிலிருந்து மனத்தளவில் விலகுவது மூன்றாம் ஆண்டிலோ நான்காம் ஆண்டிலோ அல்ல, சேர்ந்த முதல் மூன்று நான்கு மாதங்களிலேயே அது நடந்துவிடுகிறது. இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் வகுப்பை எடுத்துக்கொள்வோம். டிராஃப்டர் எனும் வரைகருவி, டிராயிங் ஷீட், செட் ஸ்குவேர், வேறுவேறு கடினத்தில் பென்சில்கள் என்று முதல் வாரத்திலேயே ஒரு பட்டியல் கொடுக்கப்படும். கட்டணத்தை அரசு கட்டிவிட்டாலும் இந்தச் செலவு எந்தக் கணக்கிலும் வராது. டிராஃப்டர் வாங்க முடியாதவன் பக்கத்து மேசைக்காரன் வரைந்து முடிக்கும்வரை காத்திருந்து, மீதியிருக்கும் அரை மணி நேரத்தில் தன் படத்தைத் தொடங்குவான். முடிக்காத படத்துக்கு மதிப்பெண் குறையும். அந்த மதிப்பெண்ணைப் பார்ப்பவர்கள் அவனுக்கு முப்பரிமாணக் கற்பனை வரவில்லை என்று முடிவு கட்டுவார்கள். இதே முடிவை ஆசிரியர் அறையில் நானும் பலமுறை கேட்டிருக்கிறேன், மறுத்துப் பேசாமல் இருந்திருக்கிறேன்.

முதல் பருவத்தில் விழும் இரண்டு அரியர்கள், அதாவது தேறாமல் நிற்கும் பாடங்கள், அந்தப் பருவத்தோடு நிற்பதில்லை. அடுத்த பருவத்தில் ஐந்தாறு புதிய பாடங்களோடு அந்த இரண்டும் சேர்ந்துகொள்கின்றன. பிறகு வளாக நேர்காணலுக்கு வரும் நிறுவனங்களில் பலவும், பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு மூன்றிலும் 60 விழுக்காடு வேண்டும், அரியர் இருக்கக் கூடாது என்று நிபந்தனை வைக்கின்றன. சில நிறுவனங்கள் எப்போதோ இருந்து தேர்ச்சி பெற்ற அரியரைக்கூட ஏற்பதில்லை. ஒதுக்கீட்டின் மூலம் திறந்த கதவு இந்த நிபந்தனையால் சத்தமில்லாமல் சாத்தப்படுகிறது. இதற்குத் தகுதி என்று பெயர் வைத்துவிட்டதால் யாரும் கேள்வி கேட்பதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. நான்கு ஆண்டுகளில் ஒருவர் எவ்வளவு வளர்ந்தார் என்பதைவிட, பதினேழு வயதில் எங்கே நின்றார் என்பதை அளப்பது எந்த வகையில் பொறியாளரைத் தேர்ந்தெடுக்கும் முறையாகும்?

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2010-11இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடவியலையும் இயந்திரவியலையும் தமிழ்வழியில் தொடங்கியதை மனமார வரவேற்றவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் தமிழ்வழி என்று தனி வகுப்பு வைப்பது மட்டுமே மொழிச் சிக்கலுக்கு விடையாகாது. ஆங்கிலவழியில் சேர்ந்திருக்கும் மாணவர்களில் எத்தனையோ பேர் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழிலேயே படித்தவர்கள். இரு மாத விடுமுறையில் அவர்களுடைய சிந்தனை மொழி மாறிவிடாது. எழுத்துத் தேர்வு ஆங்கிலத்தில் இருப்பதை ஓர் ஆசிரியரால் மாற்ற முடியாது. ஆனால் ஆய்வகத்தில் ஒரு கேள்வியை எந்த மொழியில் கேட்பது என்பது பெரும்பாலும் கேட்பவரின் கையில்தான் இருக்கிறது. விடையைத் தமிழில் வாங்கிக்கொண்டு, அதே விடைக்குரிய ஆங்கிலச் சொற்களை அந்த இடத்திலேயே சொல்லிக் கொடுத்தால் மாணவனுக்கு இரண்டும் கிடைக்கும். நான் அதைச் செய்யாமல் விட்ட ஆண்டுகள் பல.

பெண்களின் நிலை வேறு விதமானது. கிண்டிப் பொறியியல் கல்லூரி 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது; அங்கே பெண்கள் பட்டம் பெற ஏறத்தாழ 150 ஆண்டுகள் ஆயின. 1940களின் முற்பகுதியில் அ. லலிதா மின்பொறியியலிலும், பி. கே. திரேசியாவும் லீலாம்மா ஜார்ஜும் கட்டடவியலிலும் அங்கே பட்டம் பெற்றார்கள். பதினெட்டு வயதில், கைக்குழந்தையோடு கணவரை இழந்தவர் லலிதா. அவருடைய தந்தை பப்பு சுப்பாராவ் அதே கல்லூரியில் பேராசிரியராக இருந்ததும், அன்றைய முதல்வர் கே. சி. சாக்கோ துணை நின்றதும்தான் அந்தச் சேர்க்கையைச் சாத்தியமாக்கின. அவர்களுக்குக் கொடுத்த சான்றிதழில் ‘ஹீ’ என்றே அச்சாகியிருந்தது. அதை அடித்துவிட்டுக் கையால் ‘ஷீ’ என்று எழுதிக் கொடுத்தார்கள். திரேசியா பின்னாளில் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளராக உயர்ந்தார்.

இன்று சான்றிதழை அடித்துத் திருத்த வேண்டியதில்லை. எங்கள் வகுப்புகளில் பெண்கள் நிறைய இருக்கிறார்கள்; கணினியியலிலும் மின்னணுவியலிலும் பாதிக்கு மேல் பெண்களாக இருந்த ஆண்டுகளும் உண்டு. ஆய்வகத்துக்குள் வந்து பாருங்கள்: ஐந்து பேர் கொண்ட குழுவில் ஸ்டார்ட்டரின் கைப்பிடியைப் பிடிப்பவனும் ஒயரை மாட்டுபவனும் ஆண்களாகவே இருப்பார்கள்; அளவுகளைக் குறித்து எழுதுபவள் பெண்ணாக இருப்பாள். கையெழுத்து அழகாக இருக்கிறது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். வேலைப் பயிற்சிக்கூடத்திலும் அரத்தைப் பிடிப்பவன் ஒருவன், ரெக்கார்டு எழுதுபவள் ஒருத்தி. யாரும் தடுக்கவில்லை, யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் நான்கு ஆண்டுகள் கழித்து, எந்திரத்தைத் தொட்டுப் பழகியவர் யார் என்று பார்த்தால் விடை தெளிவாகத் தெரியும். ஐஐடிகள் 2018 முதல் பெண்களுக்குக் கூடுதல் இடங்களை உருவாக்கி அவர்களின் பங்கை 20 விழுக்காட்டுக்கு உயர்த்தின. அந்த முயற்சி தேவையானது. ஆனால் வகுப்பறையில் பாதிப் பேர் பெண்களாக இருக்கும் எங்களைப் போன்ற கல்லூரிகளில், எண்ணிக்கையைக் காட்டி எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. மாலையில் ஆய்வகம் திறந்திருந்தும், பெண்கள் விடுதியின் கதவு ஆண்கள் விடுதிக்கு முன்பே மூடப்படுவதால் புராஜெக்ட்டைப் பாதியில் விட்டுப் போகும் மாணவிகளை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன்.

மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காட்டுக்குக் குறையாமல் இடம் தர வேண்டும் என்று 2016ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆய்வகம் இரண்டாம் மாடியிலும் மின்தூக்கி இல்லாமலும் இருந்தால் அந்த இடத்தை யார் கேட்டு வருவார்? இதற்கு நீண்ட விவாதம் தேவையில்லை. கட்ட வேண்டும், அவ்வளவுதான்.

இப்படியெல்லாம் இறங்கிப் போனால் தரம் குறைந்துவிடும் என்று என் சக ஆசிரியர்கள் சிலர் சொல்வதுண்டு. அவர்களில் பலர் நல்ல ஆசிரியர்கள், அக்கறையோடுதான் சொல்கிறார்கள். அவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இதுதான்: அன்று கெப்பாசிட்டரின் வேலையைப் பாடநூலின் வரிகளில் ஒப்பித்து 9 மதிப்பெண் வாங்கிச் சென்ற மாணவர்களால், முனகிக்கொண்டிருந்த அந்த மின்விசிறியின் கோளாறைச் சொல்ல முடிந்ததா? சொல்ல முடிந்தவனுக்கு 2 மதிப்பெண் கொடுத்த தேர்வுதான் தரம் குறைந்த தேர்வு.

அதன் பிறகு எங்கள் துறையில் சிலவற்றை மாற்றினோம். பழைய மாணவர்கள் விட்டுச் செல்லும் டிராஃப்டர்களை வாங்கி வைத்து, பெயர் எழுதி வாங்கிக்கொண்டு முதலாமாண்டு மாணவர்களுக்குக் கொடுக்கிறோம். ஆய்வகக் குழுவில் யார் ஒயர் மாட்டுவது, யார் எழுதுவது என்பதை வாரம் மாற்றி வாரம் நாங்களே எழுதி ஒட்டுகிறோம்; முதலில் முணுமுணுப்பு இருந்தது, இப்போது இல்லை. வைவாவின் முதல் கேள்வி தமிழிலோ ஆங்கிலத்திலோ மாணவர் விரும்பும் மொழியில் கேட்கப்படுகிறது. விடுதிக் கதவும் மின்தூக்கியும் எங்கள் துறையின் கையில் இல்லை. அவற்றுக்காக எழுதிய கடிதங்களின் நகல்கள் என் மேசையில் இருக்கின்றன.

சென்ற பருவத்தில், அரசுப் பள்ளியிலிருந்து 7.5 விழுக்காட்டில் சேர்ந்த ஒரு மாணவி, மூன்று ஃபேஸ் மோட்டார் சோதனையின் நடுவில் கேட்டாள்: "மேடம், எங்க தோட்டத்துல டூ ஃபேஸ்ல கண்டன்சர் போட்டு ஓட்டுனா காயில் சீக்கிரம் எரிஞ்சு போகுது. ஏன் மேடம்?" அது இரண்டாம் ஆண்டுப் பாடத்தில் வரவேண்டிய கேள்வி. பாடத்திட்டத்தில் அன்றைக்கு இருந்த சோதனையை நிறுத்திவிட்டு, மூன்று காயிலுக்கும் தனித்தனியாக, மின்னோட்டத்தை அளக்கும் ஆம்மீட்டர் மாட்டச் சொன்னேன். அந்த வாரம் ஒயர் மாட்டும் முறை அவளுடையது. அவளே மாட்டினாள், அவளே சுவிட்சைப் போட்டாள். மூன்று ஊசிகளும் மூன்று இடங்களில் நின்றன. ஒன்று மற்ற இரண்டையும்விட வெகுதூரம் ஏறியிருந்தது. வகுப்பு முழுவதும் அந்த மேசையைச் சுற்றி வந்து நின்றது.