கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் ஒரு போன்

மூணாறு, தேவிகுளம் பக்கத்து எஸ்டேட் லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இருப்பவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். ஆட்சி கேரளம்; சொந்தபந்தமெல்லாம் போடி, தேனி, கம்பம் பக்கம். கர்ப்பிணிக்கு ராத்திரியில் வலிப்பு வந்தால் ஒரு பக்கம் அடிமாலி, அதையும் தாண்டிக் கோட்டயம். இன்னொரு பக்கம் போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கித் தேனி. எப்படிப் போனாலும் மகப்பேறு மருத்துவர் நேரில் பார்க்க வெகுநேரம் ஆகும். முதல் வைத்தியம் போனில்தான் நடந்தாக வேண்டும். அந்தப் போன் உயிரைக் காக்குமா என்பது ஐந்தாம் மாதத்திலேயே பாதி முடிவாகிவிடுகிறது.

காரணம், கர்ப்பத்தில் வரும் இந்த வலிப்பு பெரும்பாலும் பிரஷர் ஏறுவதால் வருவது; போனில் இருக்கும் மருத்துவருக்கு எஸ்டேட் நர்ஸ் சொல்லும் எண்கள்தான் கண். பிரஷர் 150/100 என்றதும் அவர் கேட்கும் அடுத்த கேள்வி, "முன்னாடி எவ்வளவு இருந்தது?" ஐந்தாம் மாதத்தில் 100/60 என்று தாய்-சேய் அட்டையில் இருந்தால் நிலைமை அவருக்கு உடனே புரியும். எல்லாத் தேதியிலும் 110/70 என்று ஒரே கையெழுத்தில் இருந்தால், அது அளந்து எழுதியதல்ல என்பதும் புரியும். வெற்று அட்டையைவிட இந்த அட்டை மோசம். ஆபத்து இல்லை என்று அது பொய் சொல்கிறது.

பிரஷர் பார்ப்பதில் நடக்கும் தவறுகள் சின்னவை. மேட்டில் ஏறி டிஸ்பென்சரிக்கு வந்தவரை உடனே உட்காரவைத்துப் பட்டியைச் சுற்றக் கூடாது. ஐந்து நிமிடம் முதுகு சாய்ந்து, கால் தரையில் ஊன்றி, கை நெஞ்சு மட்டத்தில் இருக்க, பேசாமல் உட்கார்ந்த பிறகுதான் அளக்க வேண்டும். கொழுந்து பறிக்கும் பெண்கள் பலருக்குக் கை மெலிசு. மெலிந்த கைக்குப் பெரிய பட்டி பிரஷரைக் குறைத்துக் காட்டும். பருத்த கைக்குச் சின்னப் பட்டி கூட்டிக் காட்டும். 140/90 வந்தால் அன்றே சிறுநீரில் புரதம் பார்த்தாக வேண்டும். அதற்கான சோதனை ஸ்ட்ரிப் தீர்ந்துவிட்டது என்பது காரணமே இல்லை. சோதனைக் குழாயில் முக்கால் பாகம் சிறுநீர் எடுத்து மேல்பகுதியை மட்டும் சூடாக்கி, கலங்கினால் இரண்டு மூன்று சொட்டு நீர்த்த அசிட்டிக் அமிலம் விட்டுப் பார்க்கலாம். கலங்கல் கரையாமல் நின்றால் அது புரதம்; பிரஷரோடு அதுவும் சேர்ந்தால் வலிப்புக்கு முன்னெச்சரிக்கை.

இரத்தசோகைக்கு வருவோம். தினம் ஒன்று என 180 நாளைக்குக் கொடுக்கும் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. அதை வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் கட்டன் சாயாவோடு விழுங்கினால் பெரும்பகுதி வீண். தேயிலையில் இருக்கும் டானின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும், குடல் அதை உறிஞ்சாது. தேயிலைக் காட்டிலேயே வாழ்கிறவர்களுக்கு இதை ஒருமுறை சொன்னால் போதாது. ராத்திரி சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, எலுமிச்சைத் தண்ணீரோடு. கால்சியம் மாத்திரை வேறு வேளையில். "மாத்திரை சாப்பிடுறீங்களாம்மா?" என்று கேட்டால் "ஆமா சிஸ்டர்" என்றுதான் பதில் வரும். "மலம் கறுப்பா போகுதா?" என்று கேட்டால் உண்மை வரும். கறுப்பாகப் போவது இயல்புதான் என்பதையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பயந்து நிறுத்திவிடுவார்கள். ஹீமோகுளோபின் 11 உள்ள பெண் பிரசவத்தில் அரை லிட்டர் இரத்தம் போனாலும் தாங்குவார். 7-க்குக் கீழே இருப்பவருக்கு அதே அரை லிட்டர் உயிருக்கே ஆபத்து. இரத்தத்துக்கு மலையை விட்டு இறங்க வேண்டிய ஊரில் இந்த 7-ஐ எட்டாம் மாதத்தில் கண்டுபிடித்துப் பயனில்லை.

இனி அந்தப் போன். வீடியோவுக்காகப் போராட வேண்டாம். மழைக்காலத்தில் படம் உறைந்து நிற்கும், குரலும் அறுந்துபோகும். சாதாரண அழைப்பே மேல். முதல் வாக்கியத்திலேயே விஷயம் வர வேண்டும்: "34 வாரம், முதல் கர்ப்பம், ஒரு தடவை வலிப்பு வந்திருக்கிறது, இப்போது நினைவு இருக்கிறது." பிறகு பிரஷர், நாடி, மூச்சு, குழந்தையின் இதயத்துடிப்பு, கொடுத்த மருந்து, கொடுத்த நேரம். எண்களை எல்லோரும் ஆங்கிலத்தில் சொல்கிறோம். 'ஃபிஃப்டீன்', 'ஃபிஃப்டி' இரண்டும் மோசமான லைனில் ஒன்றுபோலவே கேட்கும். ஒன்று-ஐந்து, ஐந்து-பூஜ்யம் என்று இலக்கம் இலக்கமாகச் சொல்ல வேண்டும். மருத்துவர் சொல்லும் அளவை நர்ஸ் திருப்பிச் சொல்லி, அவர் "சரி" என்ற பிறகே ஊசியை எடுக்க வேண்டும்.

வலிப்புக்கு மெக்னீசியம் சல்ஃபேட். அனுப்புவதற்கு முன் கொடுக்கும் முதல் அளவு 10 கிராம்: ஒவ்வொரு பிட்டத்திலும் 5 கிராம், ஆழமாகத் தசையில். 50 சதவீத மருந்தில் 2 மில்லி ஆம்பூலுக்கு 1 கிராம். ஆக, பத்து ஆம்பூல் உடைக்க வேண்டும். கரண்ட் போன நேரத்தில் போன் வெளிச்சத்தில் பத்துக் கண்ணாடிக் குப்பியைத் தேடி உடைப்பது லேசான வேலையல்ல. பத்து ஆம்பூல், இரண்டு 10 மில்லி சிரிஞ்ச், நீள ஊசி, கூடவே மெக்னீசியம் அதிகமானால் அதை முறிக்கும் கால்சியம் குளுக்கோனேட் எல்லாம் ஒரே டப்பாவில் இருக்க வேண்டும். லேபிளில் 50 சதவீதம் என்று இருக்கிறதா என மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். கையில் இரும்புச் சாவி கொடுப்பது, பல்லுக்கு நடுவே கரண்டி வைப்பது இரண்டையும் அன்போடு தடுத்துவிட்டு, இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைக்க வேண்டும்.

எல்லைப் பக்கத்தில் 108 அடித்தால் செல்போன் பிடித்திருக்கும் டவரைப் பொறுத்து அழைப்பு அடுத்த மாநிலத்துக் கட்டுப்பாட்டு அறைக்குப் போய்விடலாம். "எந்த மாநிலம், எந்த எஸ்டேட், எந்த டிவிஷன்" என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. வண்டி கிளம்பியதும் கீழே வாங்கிக்கொள்ளும் மருத்துவமனைக்கு இன்னொரு போன். 'மெக்னீசியம் 10 கிராம், ராத்திரி 2.40' என்று பிளாஸ்திரியில் எழுதிக் கேஸ் தாளின் முகப்பில் ஒட்டியிருக்க வேண்டும். தெரியாமல் இன்னொரு முழு அளவு ஏறினால் முழங்காலுக்குக் கீழே தட்டினால் கால் துள்ளுவது நின்றுபோகும், அடுத்து மூச்சு நிற்கும்.

தலைப்பிரசவத்துக்கு ஏழாம் மாதம் தாய்வீடு போகிறவர்களிடம்தான் அதிகம் கோட்டைவிடுகிறோம். மலையாளத்தில் எழுதிய அட்டையைத் தேனியில் வாசிக்க ஆளிருப்பது நிச்சயமில்லை. வளைகாப்பு முடிந்து பஸ் ஏறுவதற்கு முன், ஒரு தாளில் இரத்த வகை, கடைசி மூன்று பிரஷர், ஹீமோகுளோபின், சர்க்கரை, பிரசவத் தேதி, எஸ்டேட் நர்ஸின் போன் நம்பர் ஆகியவற்றைத் தமிழில் எழுதி அவர் பையிலேயே வைத்துவிடுங்கள். அவர் போய்ச் சேரும் ஊர் நர்ஸுக்கு அன்று சாயங்காலமே ஒரு போன் போட்டுவிடுங்கள்.