அரைக் கோப்பை

“நான் உள்ள வரமாட்டன். நீ போய்ப் பார்த்திட்டு வா” என்றார் சித்தப்பா. வெள்ளவத்தையில் பஸ் ஏறியதிலிருந்து இரண்டு தரம் இறங்கப் பார்த்தவர்.

சின்ன அறை, பிளாஸ்டிக் கதிரைகள். காசு கேட்கவில்லை, முழுப்பெயரும் கேட்கவில்லை. குடியை விட நினைக்கிறவர்கள் கூடும் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டம் அப்படித்தானாம். 1935இல் அமெரிக்காவில் இரண்டு குடிகாரர்கள் தொடங்கியது. அதில் ஒருவர் டாக்டர்!

“இன்றைக்குக் குடிக்கவில்லை” என்று ஒருவர் சிங்களத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்.

திரும்பிப் பார்த்தால், கடைசிக் கதிரையில் சித்தப்பா.

கை நடுங்கிக்கொண்டிருந்தது. தேத்தண்ணி ஊற்றியவர் அதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் அரைக் கோப்பை மட்டும் ஊற்றிக் கொடுத்தார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

வீட்டில் நாங்கள் இத்தனை வருடமாக முழுக் கோப்பையை நீட்டிவிட்டு, சிந்தினால் ஏசிக்கொண்டிருந்தோம்.