18 ஏன் தாழ்ந்து தெரிந்தது?

அம்மா தான் ஆய்ந்த தேயிலைக் கொழுந்தின் நிறையை நாள் தவறாமல் ஒரு கொப்பியில் எழுதிவைப்பார். தலவாக்கலைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் 18 கிலோ இருந்தால் ஒரு பேர், அதாவது முழு நாள் சம்பளம்; குறைந்தால் அரைப்பேர். அதில் 92 நாள் கணக்கை எடுத்து, ஓய்வு நேரத்தில் நான் கைவைக்கும் ஒரு சிறிய திறந்த மூல பைதான் லைப்ரரியில் போட்டேன். வந்தது ஓ.எல். கணிதத்தில் படித்த அதே வலையுருவரையம்தான்: எந்த நிறை எத்தனை நாள் வந்தது என்பதை நிரல்களின் உயரமாகக் காட்டும் படம்.

கொப்பியில் மற்ற எந்த நிறையையும்விட 18தான் அதிகம், 13 நாள். படத்திலோ அது இரண்டு உயரமான நிரல்களுக்கு நடுவே தாழ்ந்து நின்றது. எனக்குப் பொறுக்கவில்லை. சம்பளத்தைத் தீர்மானிக்கிற எண் அது.

லைப்ரரி உள்ளே நம்பை (NumPy) என்ற பைதான் கணக்கு லைப்ரரியை அழைக்கிறது. எத்தனை நிரல் என்று சொல்லாவிட்டால் நம்பை தரவைச் சம அகலமான 10 வகுப்பாயிடையாகப் பிரிக்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிரல். எங்கள் தரவு 11 முதல் 27 வரை, ஆகவே அகலம் 1.6. நிறைகளோ முழு எண்கள். 16உம் 17உம் ஒரு நிரலில் (14 நாள்), 19உம் 20உம் இன்னொன்றில் (22 நாள்), 18 மட்டும் தனியாக. கூட்டுச் சேர்ந்தவை உயர்ந்துவிட்டன.

எத்தனை வகுப்பாயிடை வேண்டும் என்று ஸ்டர்ஜஸ் என்பவர் 1926 இல் சொன்ன விதிப்படி 92 நாளுக்கு 8 வகுப்பாயிடை. அகலம் 2. அப்போது 17உம் 18உம் ஒன்றாகின, அதாவது அரைப்பேரும் முழுப்பேரும் ஒரே நிரலில்! அது இன்னும் மோசம்.

சரி, எல்லைகளை 11, 12 என்று 27 வரை நானே கொடுத்தேன். கடைசி நிரல் காரணமில்லாமல் எழும்பியது. மற்ற வகுப்பாயிடைகள் மேல் எல்லையைச் சேர்ப்பதில்லை, கடைசி மட்டும் சேர்க்கும். அதனால் 26உம் 27உம் ஒன்றாக விழுந்தன.

அப்புறம் எல்லைகளை 10.5, 11.5 என அரை தள்ளி 27.5 வரை வைத்தேன். ஒவ்வொரு கிலோவும் தன் நிரலின் நடுவே உட்கார்ந்தது. தரவு முழு எண்ணாக இருந்தால் இனி லைப்ரரியின் ஃபங்ஷனே இப்படிப் பிரிக்கும். வீச்சு 100ஐத் தாண்டினால் பழைய வழி. அம்மாவிடம் கேட்டுவிட்டு அந்த 92 எண்களையே டெஸ்ட்டாகவும் வைத்திருக்கிறேன்: 18இன் நிரல் 13 ஆக இருக்க வேண்டும். மாற்றத்தை லைப்ரரியில் சேர்க்கச் சொல்லிப் புல் ரிக்வெஸ்ட் அனுப்பியாயிற்று. அரைக் கிலோவும் எழுதும் தோட்டங்களுக்கு அகலத்தைச் சொல்லும் வசதி இன்னும் பாக்கி.

படத்தை அம்மாவிடம் காட்டினேன். 17இன் மேல் விரலை வைத்தார். வெறும் 5 நாள்.

"பாரம் முதுகுக்குத் தெரியும் தம்பி. கொஞ்சம் குறையுதுன்னா இன்னொரு நிரை ஆய்ஞ்சிட்டுத்தான் தராசுக்குப் போவேன்."